தொழில்நுட்பச் செலவைத் தேதியிலிருந்து தொடங்குவோம்

சட்ட அலுவலகமானாலும் தணிக்கை அலுவலகமானாலும் கட்டட வடிவமைப்பு நிறுவனமானாலும், அறிவுழைப்பை விற்று நடக்கும் எந்த நிறுவனத்திலும் அடுத்த ஆண்டின் தொழில்நுட்பச் செலவைத் திட்டமிடும் கூட்டம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குகிறது: போன ஆண்டு எவ்வளவு ஆனது? அந்தத் தொகையோடு கொஞ்சம் கூட்டி, இதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிடும். சற்று முறையாகச் செய்ய நினைப்பவர்கள், ஆண்டு வருமானத்தில் இத்தனை சதவீதம் தொழில்நுட்பத்துக்கு என்று ஒரு விகிதத்தை எங்கிருந்தாவது எடுத்து வருவார்கள். இத்தகைய நிறுவனங்களின் நிர்வாகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் எனக்கு, இந்த இரண்டு வழிகளுமே கைவிடப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை.

சென்ற ஆண்டின் தொகை எதையும் நிரூபிப்பதில்லை. மாற்றியிருக்க வேண்டிய கணினிகளை மாற்றாமல் விட்டதால் அது குறைந்திருக்கலாம். பழைய கோப்புகளையெல்லாம் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோனதால், ஒரு முறை மட்டுமே வரும் செலவு அதில் ஏறியிருக்கலாம். வருமானத்தின் சதவீதம் என்ற அளவுகோல் உண்மை நிலையிலிருந்து இன்னும் தள்ளி நிற்கிறது. பெரிய வழக்கொன்று கைகொடுத்து வருமானம் உயர்ந்த ஆண்டில் அலுவலகத்தில் ஒரு கணினிகூடக் கூடியிருக்காது. வருமானம் சரிந்த ஆண்டில் சர்வரின் உத்தரவாதக் காலம் தானாக நீண்டுவிடாது. எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கும் ஃபயர்வால் வேண்டும், காப்புப் பிரதி வேண்டும், மின்னஞ்சல் பாதுகாப்பு வேண்டும். அந்தச் செலவை அங்கே எட்டுப் பேர் சுமக்கிறார்கள், பெரிய நிறுவனத்தில் இருநூறு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சதவீதத்தைப் பொருத்துவது கணக்கும் அல்ல, நியாயமும் அல்ல.

திட்டத்தின் முதல் தாளில் தொகை எதுவும் இருக்கக் கூடாது, தேதிகள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. தொழில்நுட்பச் செலவில் நாம் எதிர்பாராதது என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி, எங்கோ முன்பே அறிவிக்கப்பட்டு, நம் நாட்காட்டியில் மட்டும் குறிக்கப்படாமல் போன ஒரு தேதிதான்.

விண்டோஸ் 10 இதற்கு நல்ல சான்று. 2015 ஜூலையில் அது வெளிவந்தபோதே, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 வரை வழங்கப்படும் என்ற கால வரையறை வெளியிடப்பட்டிருந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியும் வேண்டும் என்பது 2021 ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே, எந்தக் கணினிகளை அப்படியே மேம்படுத்தலாம், எவற்றைப் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பிரித்தெழுத நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. அதே 2025 அக்டோபர் 14 அன்றுதான் ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 ஆகியவற்றுக்கும், அஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2016, 2019 ஆகியவற்றுக்கும் ஆதரவு முடிந்தது. சொந்த அஞ்சல் சர்வரையும் பழைய ஆஃபிஸ் உரிமங்களையும் விண்டோஸ் 10 கணினிகளையும் ஒருங்கே வைத்திருந்த ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு, மூன்று தனித்தனிச் செலவுகள் ஒரே நாளில் வந்து நின்றன. விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களைப் பணம் கொடுத்து வாங்கும் வழி இருந்தது உண்மைதான். ஆனால் நிறுவனங்களுக்கு அதன் விலை ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும்படி வகுக்கப்பட்டிருந்தது, இரண்டாம் ஆண்டில் சேருபவர் முதலாம் ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. தள்ளிப்போடுவதற்கு இவ்வளவு வெளிப்படையாக விலை எழுதப்படுவது அரிது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 என்று இதே கதை முன்பும் இரு முறை நடந்திருக்கிறது. எனவே ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் மென்பொருளுக்கும் ஒப்பந்தத்துக்கும் வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள், தயாரிப்பாளரின் ஆதரவு முடியும் நாள், புதுப்பிக்க வேண்டிய நாள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு தேதியையும் நான் வற்புறுத்துவேன்: ஒப்பந்தத்தைத் தொடர விருப்பமில்லை என்று எழுத்தில் தெரிவிப்பதற்கான கடைசி நாள். தானாகவே புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்களில் பணம் கட்டும் நாளைவிட அந்த நாளே முக்கியமானது. முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தின் உட்பிரிவில் அது இருக்கும். அதைத் தவறவிட்டால் வேண்டாத ஒரு சேவைக்கு இன்னோர் ஆண்டு பணம் கட்ட நேரும்.

இந்தப் பதிவேட்டில் மிக எளிதாக விடுபடுபவை மிக மலிவான பொருள்கள். நிறுவனத்தின் இணைய முகவரிப் பதிவு மிகச் சிறிய செலவு. அது காலாவதியானால் எல்லோருடைய மின்னஞ்சலும் நின்றுபோகும். அதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது, நம் இணையத்தளம் நம்பத்தக்கது என்று உலாவிக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ். அதன் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று அதைப் படிப்படியாகக் குறைக்கச் சான்றிதழ் வழங்குநர்களும் உலாவித் தயாரிப்பாளர்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. வாடிக்கையாளர்கள் ஆவணம் பதிவேற்றுவதற்கென்று தனித் தளம் வைத்திருக்கும் நிறுவனம், இதுவரை ஆண்டுக்கு ஒரு முறை ஒருவர் நினைவு வைத்துச் செய்த வேலையை, 2029-இலிருந்து ஆண்டுக்கு எட்டு முறை செய்ய வேண்டியிருக்கும். ஆதலால் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கான செலவு, 2029-க்கு வெகு முன்பே ஏதோ ஓர் ஆண்டின் திட்டத்தில் இடம்பெற்றாக வேண்டும்.

தேதிகள் தெரிந்தபின் தொகைகளுக்கு வரலாம். ஒருகாலத்தில் மென்பொருளை ஒரு முறை வாங்கிவிட்டு, வருமானம் மெலிந்த ஆண்டில் அடுத்த பதிப்பை வாங்காமல் விடலாம். அந்தச் சுதந்திரம் இப்போது அநேகமாகப் போய்விட்டது. அடோபி 2013-இல் தன் வடிவமைப்பு மென்பொருள்களை, ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் நிலையான உரிமத்தில் புதிய பதிப்புகளாக வெளியிடுவதை நிறுத்தப்போவதாகவும் இனிச் சந்தா மட்டுமே என்றும் அறிவித்தது. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில், ஒரே சர்வரைப் பல சர்வர்களாக இயக்க உதவும் மென்பொருளைத் தயாரிக்கும் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிலையான உரிமங்களின் விற்பனையை முடித்துவைத்தது. மைக்ரோசாஃப்ட் 2022 மார்ச்சில் தன் அலுவலகச் சந்தாக்களின் விலையை உயர்த்தியது. சந்தா நிறுவனத்துக்கு நன்மையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. சர்வர் அறையைப் பராமரிக்கும் கவலையிலிருந்து அது பல சிறிய அலுவலகங்களை விடுவித்திருக்கிறது. ஆனால் எப்போது செலவழிப்பது என்ற முடிவும் எவ்வளவு என்ற முடிவும் வாங்குபவரிடமிருந்து விற்பவரிடம் போய்விட்டன. அதனால் மூன்று ஆண்டுக் கணக்கு எழுதும்போது, இன்றைய சந்தா விலையையே மூன்று ஆண்டுகளுக்கும் போடுவது தவறு. ஆண்டுக்கு ஆண்டு ஓர் உயர்வை வெளிப்படையாக எழுதி, அது ஏன் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சந்தா அயல்நாட்டுச் செலாவணியில் இருந்தால், விற்பவர் விலையைத் தொடாமலேயே பில் ஏறும் என்பதும் அந்த வரியில் சேரட்டும்.

சந்தாவில் நம் கையில் எஞ்சியிருப்பது எண்ணிக்கை. பணியிலிருந்து விலகியவரின் கணக்கு மூடப்பட்டிருக்கிறதா, ஆண்டுக்கு இரு முறைகூடத் திறக்காத ஒருவருக்கு மிக உயர்ந்த வகை உரிமம் ஏன் என்ற கேள்விகளைத் திட்டம் எழுதுவதற்கு முன் கேட்டாக வேண்டும். வரித் தாக்கல் காலத்தில் மட்டும் ஆள் கூடும் தணிக்கை அலுவலகத்துக்கு இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆண்டு ஒப்பந்தத்தில் விலை குறைவு, ஆனால் நடுவில் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. மாத ஒப்பந்தத்தில் குறைக்கலாம், ஆனால் விலை அதிகம். நிரந்தரப் பணியாளர்களுக்கு முதல் வகையையும் பருவகாலப் பணியாளர்களுக்கு இரண்டாம் வகையையும் கலந்து எடுப்பதுதான் பொதுவாகக் கட்டுப்படியாகிறது.

கணக்கெழுதும் முறையும் இதனால் மாறியிருக்கிறது, அதைக் கூட்டாளிகள் பலர் இன்னும் உள்வாங்கவில்லை. சர்வர் வாங்கினால் அது மூலதனச் செலவு. தேய்மானமாகப் பல ஆண்டுகளில் பரவும். மேகக் கணினியில், அதாவது இணையத்தின் வழியே விற்பவரின் சர்வரில், இயங்கும் ஒரு மென்பொருளை நம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளக் கொடுக்கும் கட்டணம் அப்படியல்ல. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களுக்கு விளக்கம் அளிக்கும் குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட முடிவின்படி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் தனிச் சொத்து எதுவும் உருவாகாத பெரும்பாலான நேர்வுகளில், அந்தக் கட்டணம் சேவை பெறப்படும்போதே செலவாகிவிடும். அந்தத் தரங்களைப் பின்பற்றும் நிறுவனத்தில், புதிய முறைமைக்கு மாறும் ஆண்டின் இலாபம் அந்த அளவுக்குக் குறைந்தே தெரியும். இந்த அதிர்ச்சி ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வரக் கூடாது. திட்டம் எழுதும்போதே வந்துவிட வேண்டும்.

இலாபம் என்றவுடன் தொழில்முறை நிறுவனங்களுக்கே உரிய முடிச்சு ஒன்று முன்னே வருகிறது. தொழில்நுட்பத் திட்டமிடலைப் பற்றி எழுதுபவர்கள் கருவிகளைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள், இந்த முடிச்சை அநேகமாகத் தொடுவதே இல்லை. கம்பெனி ஒன்று தன் இலாபத்தின் ஒரு பகுதியை நிறுவனத்துக்குள்ளேயே நிறுத்தி, வருங்காலத்துக்குச் செலவிட முடியும். கூட்டாண்மையில் பொதுவாக ஆண்டின் இலாபம் அந்த ஆண்டிலேயே கூட்டாளிகளுக்குப் பிரிந்துபோகிறது. ஆகவே இன்று வாங்கும் ஒவ்வொரு சர்வரும், இன்று தொடங்கும் ஒவ்வொரு மென்பொருள் மாற்றமும், இன்றைய கூட்டாளிகளின் வீட்டுக்குப் போகவேண்டிய பணத்திலிருந்துதான் வருகிறது. அதன் பலன் மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் கிடைக்கும். இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறவிருக்கும் மூத்த கூட்டாளி அந்தப் பலனைப் பார்க்கவே மாட்டார்; அண்மையில் சேர்ந்த இளைய கூட்டாளிக்குப் பலன் முழுவதும் கிடைக்கும், ஆனால் அவருடைய பங்கு சிறியது, வாக்கின் எடையும் குறைவு.

மூத்தவர் இந்தச் செலவை எதிர்க்கும்போது அதைத் தன்னலம் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அவர் இளையவராக இருந்த காலத்தில் தமக்கு முந்திய தலைமுறை விட்டுச்சென்ற கருவிகளோடு, அந்தக் குறைகளோடு, இந்த நிறுவனத்தை வளர்த்தவர். அடுத்தவர்களின் செலவையும் தம் கடைசி ஆண்டுகளில் தாமே ஏற்க வேண்டுமா என்று அவர் கேட்பதில் பொருள் இருக்கிறது. இளையவர் கேட்பதிலும் அதே அளவு பொருள் இருக்கிறது: கடந்த ஐந்து ஆண்டுகளாகத் தேய்ந்துபோன கணினிகளின் பயனை அனுபவித்தவர்கள் எல்லோரும், ஆனால் அவற்றை மாற்றும் செலவு தான் கூட்டாளியான முதல் ஆண்டில் தன் தலையில் விழுவது ஏன்? இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இந்தச் சர்வர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், பேச்சு சர்வரைப் பற்றி நடப்பதுபோலத் தோன்றும். உள்ளே நடப்பது தலைமுறைக் கணக்கு.

இதற்கு நான் கண்ட ஒரே நேர்மையான தீர்வு, இலாபத்தைப் பிரிப்பதற்கு முன்பே மாற்று நிதி ஒன்றுக்குத் தொகை எடுத்துவைப்பது. கணினிகளின் ஆயுள் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் மாற்று விலையில் ஐந்தில் ஒரு பங்கு அந்த நிதிக்குப் போக வேண்டும். அப்போது அந்தந்த ஆண்டின் தேய்மானத்தை அந்தந்த ஆண்டில் பயன்பெற்றவர்களே ஏற்கிறார்கள். ஓய்வு பெறுபவர் தம் பங்குக்கு மேல் ஒன்றும் கொடுப்பதில்லை, புதிதாக வருபவர் பிறருடைய பங்கைச் சுமப்பதில்லை. இந்த நிதிக்கான விகிதம் அந்த ஆண்டின் இலாபம் தெரிவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும், கூட்டாண்மை ஒப்பந்தத்திலோ அதன் இணைப்பிலோ எழுதப்பட்டுவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். தொகை கண்ணுக்குத் தெரிந்த பிறகு அதை எடுத்துவைக்கச் சொல்வது நல்லவர்களுக்கும் கடினம்.

நிதி இருந்தால் மாற்றும் முறையையும் சீராக்கலாம். நாற்பது கணினிகள் உள்ள அலுவலகம் ஆண்டுக்கு எட்டாக மாற்றிக்கொண்டே போகலாம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்கினால் எல்லாம் ஒரே மாதிரியாக இருக்கும், பராமரிப்பு எளிது, மொத்தமாக வாங்குவதால் விலையும் சற்றுக் குறையும் என்று தொழில்நுட்பப் பணியாளர்கள் சொல்வார்கள். அது சரியான வாதம்தான். ஆனால் ஐந்தாம் ஆண்டில் மொத்தச் செலவும் ஒன்றாகத் திரும்ப வரும்போது அந்த ஆண்டு மெலிந்த ஆண்டாக இருந்துவிட்டால், நாற்பதும் சேர்ந்து ஆறாம் ஆண்டுக்கும் ஏழாம் ஆண்டுக்கும் தள்ளப்படும். பராமரிப்பின் எளிமையைவிடச் செலவின் சீர்மைக்கே நான் எடை கொடுப்பேன்.

பில்லில் வராத செலவுக்கு வருவோம். கணினியின் வாங்கும் விலை என்பது அதை வைத்திருக்கும் செலவில் ஒரு பகுதி மட்டுமே என்ற கருத்தைத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான கார்ட்னர் 1987-இல் உரிமையின் மொத்தச் செலவு என்ற கணக்கீடாக வகுத்தது. அதே ஆண்டில்தான் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ, கணினி யுகம் எங்கும் கண்ணில் படுகிறது, உற்பத்தித் திறனைக் காட்டும் புள்ளிவிவரங்களில் மட்டும் படவில்லை என்று எழுதினார். ஒரு தொழில்முறை நிறுவனத்தில் இந்த இரண்டு கருத்துகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: மனிதர்களின் நேரம். நேரத்தை விற்கும் நிறுவனம், தன் தொழில்நுட்பத் திட்டத்தில் நேரத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்காமல் இருப்பது எனக்குத் தீராத வியப்பு.

முப்பது பேர் உள்ள அலுவலகத்தில் மெதுவான கணினியாலும் பிணங்கும் அச்சுப்பொறியாலும் ஒவ்வொருவரும் நாளுக்குப் பத்து நிமிடம் இழக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து மணி நேரம்; ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் 1,100 மணி நேரம். எட்டு மணி நேர நாளாகக் கணக்கிட்டால் ஒருவருடைய ஆண்டு உழைப்பு 1,760 மணி நேரம். அதில் 60 சதவீதத்துக்கும் மேல் கரைந்துபோயிருக்கிறது. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் அந்த 1,100 மணியையும் கட்டண விகிதத்தால் பெருக்கி, இவ்வளவு வருமானம் கூடும் என்று விற்பனையாளர்கள் காட்டும் தாளை நம்பிவிடக் கூடாது. ஆங்காங்கே மிஞ்சும் பத்து நிமிடங்கள் தாமாகச் சேர்ந்து கட்டணம் பெறும் வேலையாகிவிடாது. அவை சீக்கிரம் வீடு திரும்புவதாகவும், குறைந்த எரிச்சலாகவும், ஓர் ஆவணத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்கும் பொறுமையாகவும் மாறலாம். அவையும் மதிப்புடையவைதான், அவற்றை அவற்றின் பெயராலேயே எழுதுவோம்.

பெரிய மென்பொருள் மாற்றங்களில் இந்த நேரச் செலவு பல மடங்காகிறது. வழக்கு மேலாண்மை அல்லது கோப்பு மேலாண்மை மென்பொருளை மாற்றும்போது பழைய தரவுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பதைத் தேடி ஒன்றாக்க வேண்டும். சில வாரங்கள் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓட வேண்டும். எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். விற்பனையாளரின் விலைப்பட்டியலில் பயிற்சிக் கட்டணம் இருக்கும், பயிற்சியில் உட்காருபவர்களின் மணிநேரம் இருக்காது. அதைவிட முக்கியமாக, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் கட்டண வேலை காட்ட வேண்டும் என்ற இலக்கு உள்ள நிறுவனத்தில், அந்த இலக்கைக் குறைக்காமல் பயிற்சிக்கு வாருங்கள் என்று அழைத்தால் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் பாதியில் எழுந்துபோவார்கள். அவர்களைக் குறைசொல்ல இடமில்லை, நிறுவனம் அவர்களை எதைக்கொண்டு மதிப்பிடுகிறதோ அதையே அவர்கள் செய்கிறார்கள். எனவே மாற்றம் நடக்கும் ஆண்டில் ஒவ்வொருவருடைய இலக்கிலிருந்தும் எத்தனை மணி நேரம் கழிக்கப்படும் என்பது திட்டத்தின் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். தொழில்நுட்பத்தின் நன்மையையும் இடரையும் அறிந்திருப்பது வழக்கறிஞரின் தகுதியில் அடங்கும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் மாதிரி விதியின் விளக்கத்தில் 2012-இலேயே சேர்த்துவிட்டது. பயிற்சி நேரம் தொழில் கடமையின் பகுதி என்றே நானும் கருதுகிறேன்.

பாதுகாப்புச் செலவைப் பற்றி எல்லோரும் அஞ்சுகிறார்கள், அஞ்சுபவர்கள் பெரும்பாலும் தடுப்புக் கருவிகளை மட்டும் வாங்குகிறார்கள். 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா தாக்குதலில், உலகின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றான டிஎல்ஏ பைப்பரின் தொலைபேசிகளும் மின்னஞ்சலும் செயலிழந்தன. அந்தத் தீநிரல் உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு வரிக்கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நுழைந்து பரவியது. அன்றாட வேலைக்கு வேண்டிய, சட்டப்படி நிறுவப்பட்ட மென்பொருள் அது. 2024 ஜூலை 19 அன்று தாக்குதலே இல்லாமல், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றுள் மிகப் பலவற்றை ஒருவர் நேரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, கணினியின் வட்டிலுள்ள தரவுகளைப் பூட்டிவைக்கும் வட்டுப் பூட்டின் மீட்புக் குறியீட்டை உள்ளிட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தக் குறியீடுகளும் முடங்கிய சர்வரிலேயே இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் பாதுகாப்புச் செலவை எழுதி முடித்ததும் நான் செய்யும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட பாதுகாப்புச் சட்டகம், என்ன இருக்கிறது என்று அறிதல், காத்தல், கண்டறிதல், எதிர்வினையாற்றல், மீளுதல் என்று ஐந்து செயல்களைப் பிரித்தது. 2024 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பதிப்பு ஆளுகையை ஆறாவதாகச் சேர்த்தது. நம் செலவுகள் ஒவ்வொன்றையும் இந்த ஆறில் எதன் கீழ் வருகிறது என்று எழுதிப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே காத்தலின் கீழ் குவிந்திருக்கும். மீளுதலின் கீழ் காப்புப் பிரதிச் சந்தா ஒன்று தனியாக நிற்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது அலுவலகத்துக்கு வெளியே என்ற பழைய விதியைப் பின்பற்றுபவர்கள்கூட, அந்தப் பிரதியிலிருந்து ஒரு முழு நாளின் வேலையைத் திரும்ப எழுப்பிப் பார்ப்பதற்கு நேரமும் ஆளும் ஒதுக்குவதில்லை. வேலை அதிகமில்லாத ஒரு வார இறுதியில் அந்த ஒத்திகையை நடத்துவதற்கான ஊதியம் திட்டத்தில் இருக்க வேண்டும். இதற்கு மாறாக, கடவுச்சொல்லோடு கைபேசிக் குறியீடு போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் பல அடுக்கு அடையாளச் சரிபார்ப்பு பெரும்பாலும் நாம் ஏற்கெனவே கட்டும் சந்தாவுக்குள்ளேயே இருக்கிறது. அது கணக்குத் திருட்டுத் தாக்குதல்களில் 99.9 சதவீதத்தைத் தடுக்கும் என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. பணம் கேட்காத இந்த வேலையை முடிக்காமல், பணம் கேட்கும் கருவியை வாங்க நான் கையெழுத்திட மாட்டேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கூட்டாளிகள் எல்லோருமே கேட்கிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று விற்கப்படும் இந்தக் கருவிகளை முதல் ஆண்டிலேயே எல்லோருக்கும் வாங்க வேண்டியதில்லை. எந்த வேலைக்கு என்று சொல்லக்கூடிய சிலருக்கு வாங்கி, சரிபார்க்கும் நேரத்தையும் செலவாக எழுத வேண்டும். நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றமொன்றில் 2023-இல், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அங்கே விடுபட்டது சரிபார்ப்பு. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பத்து மணி நேர வேலை நான்கு மணியில் முடிந்தால் வருமானம் குறைகிறது, கருவியின் செலவு கூடுகிறது. இதற்கு விடை தொழில்நுட்பத் திட்டத்துக்குள் இல்லை, கட்டணம் நிர்ணயிக்கும் முறையில் இருக்கிறது. அந்தப் பேச்சு முதலில் நடக்கட்டும்.

விலகும் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஒரு மேகச் சேவையை விட்டு வெளியேறும்போது நம் தரவுகள் எந்த வடிவில், எவ்வளவு நாளில், என்ன கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் என்பதைச் சேரும்போதே எழுதி வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2027 ஜனவரி 12 முதல் சேவை மாறுவதற்கான கட்டணத்தை அது தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒப்பந்தம் மட்டுமே காப்பு.

இவ்வளவையும் கூட்டாளிகளின் முன் வைக்கும்போது பக்கம் பக்கமாக வைக்கக் கூடாது. தேதி கடந்தால் வேலை நின்றுபோகும் செலவுகள் முதலில் வரட்டும். அவற்றின் மேல் விவாதம் தேவையில்லை, அவை வாடகையைப் போன்றவை. அடுத்து, தள்ளிப்போடக்கூடியவை. கடைசியில், புதிய முயற்சிகள். கூட்டத்தின் நேரம் முழுவதும் நடுப்பகுதிக்கே போக வேண்டும், ஏனென்றால் உண்மையான முடிவு எடுக்கப்படுவது அங்கேதான்.

தள்ளிப்போடுவது தவறல்ல, எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய எந்த நிறுவனத்திடமும் பணமில்லை, ஆளுமில்லை. ஆனால் தள்ளிப்போட்ட ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று விவரங்கள் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும் என்று கேட்பேன்: எந்தத் தேதி வரை தள்ளப்பட்டது, அதுவரை நிறுவனம் ஏற்கும் இடர் என்ன, அந்த இடரை ஏற்று முடிவெடுத்த கூட்டாளி யார். பெயரை எழுதுவது குற்றம் சாட்டுவதற்காக அல்ல. இரண்டு ஆண்டு கழித்துப் புதிய நிர்வாகப் பொறுப்பாளர் ஒருவர் வந்து அந்தப் பழைய சர்வரின் முன் நிற்கும்போது, அது மறந்துபோனதால் அங்கே இருக்கிறதா, தெரிந்தே விடப்பட்டதால் இருக்கிறதா என்று அவர் ஊகிக்க வேண்டியிராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேலை நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்து, செலவுக் கணக்கைத் திறப்பதற்கு முன் அந்தப் பட்டியலைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்; தேதி நெருங்கியவற்றை அடுத்த ஆண்டின் திட்டத்தில் முதல் பகுதிக்கு நகர்த்த வேண்டும்.